வெள்ளவத்தை முதல் திருநெல்வேலி வரை: ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்?

2025 ஆகஸ்ட் 8, வெள்ளி இரவு – கொழும்பு, வெள்ளவத்தை

விடியற்காலை யாழ்ப்பாணத்துக்கு வெளிக்கிடுகிறோம். நல்லூர்க் கோயிலில் திருவிழாக் கொடி ஏறிவிட்டது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை, அங்கே திருநெல்வேலி என்ற ஊரில் மாமா வீட்டில் அறை தயார். எனக்கு மட்டும் இந்தப் பயணத்தில் இன்னொரு வேலையும் இருக்கிறது. எங்கள் வான் எவ்வளவு பெற்றோல் குடிக்கிறது என்று ஒழுங்காக அளந்து பார்க்கப் போகிறேன்.

வான் 1997 இல் யப்பானில் செய்தது. எட்டுப் பேர் இருக்கலாம், ஒட்டோ கியர், பெற்றோல். ஏப்ரலில் வருடப்பிறப்புக்கு இதே வழியால் போனபோது 402 கிலோமீற்றருக்கு 49.6 லீற்றர் முடிந்தது. லீற்றருக்கு 8.1 கிலோமீற்றர். அப்போது மேலே கரியர் இருந்தது, அதில் இரண்டு பெட்டி இருந்தது, நானும் தொண்ணூறு, தொண்ணூற்றைந்து என்று ஓட்டிக்கொண்டு போனேன்.

இந்தக் கணக்கில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று மனைவி கேட்டாள். 2022 ஜூலையின் பெற்றோல் தட்டுப்பாட்டை நான் இன்னும் மறக்கவில்லை. லீற்றர் 470 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்காமல் இரண்டு இரவு வானுக்குள்ளேயே படுத்தேன். கியூஆர் அட்டையில் பங்கீடு வந்த பிறகு வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக எத்தனை லீற்றரைத் தொடாமல் வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு கிழமையும் கணக்குப் பார்த்தோம். இப்போது வரிசை இல்லை, 305 ரூபாவுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனாலும் வீணாகப் போகும் ஒவ்வொரு லீற்றரும் எனக்கு உறுத்துகிறது.

இன்று செய்தவை இவ்வளவுதான். கரியரைக் கழற்றி வைத்தேன். முன்முகம் சுவர் மாதிரி இருக்கும் வானுக்குத் தலையில் இன்னொரு சுவர் தேவையில்லை. பின்னுக்குக் கிடந்த பாதி மூட்டைச் சீமெந்து, பழைய பற்றறி, கிரிக்கெட் சாமான் எல்லாவற்றையும் இறக்கினேன். காலையில் வான் ஓடாமல் ரயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைப் பார்த்தேன். நான்கிலும் அழுத்தம் 26 பிஎஸ்ஐ. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் முன்னுக்கு 33, பின்னுக்கு 35 என்று இருக்கிறது. அந்தத் தாளின்படியே அடித்தேன். ரயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் பெரிய எண் அந்த ரயர் தாங்கும் உச்ச அளவு. நாங்கள் அடிக்க வேண்டிய அளவு அதுவல்ல. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

போன வருடம் ஒரு கராஜில் பெற்றோல் குழாயில் காந்தம் ஒன்றை மாட்டிவிட்டு 6,500 ரூபா வாங்கினார்கள். இருபது வீதம் மிச்சம் வரும் என்றார்கள். மூன்று மாதம் எழுதிப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இப்படிப்பட்ட கருவிகள் நூற்றுக்கு மேல் சோதித்திருக்கிறது. சொல்லும்படியான பலன் தந்தது அநேகமாக ஒன்றுமில்லை. இதைப் பிறகுதான் படித்தேன். அந்தக் காந்தத்தையும் இன்று கழற்றிப் போட்டுவிட்டேன்.

இரவு எட்டு மணிக்குப் பெற்றோல் செட்டில் தாங்கியை நிரப்பினேன். பம்பு தானாக 'டக்' என்று நிற்கும் முதல் இடத்தோடு சரி, அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை. திரும்பி வந்ததும் இதே பம்பில், இதே பக்கம் நிறுத்தி, இதே மாதிரி அடிக்க வேண்டும். அப்போதுதான் கணக்கு நேராக வரும்.

ஆகஸ்ட் 9, சனி – வடக்கே போகும் ஏ9 வீதி

மூன்றரைக்கு வெளிக்கிட்டோம். அந்த நேரத்தில் நீர்கொழும்பு வீதி வெறுமையாக இருந்தது. யன்னலைக் கொஞ்சம் திறந்தாலே குளிர்ந்தது, புத்தளம் வரை ஏசி போடவில்லை. நகரத்துக்குள் மெதுவாகப் போகும்போது யன்னலைத் திறப்பது மிச்சம். நெடுவீதியில் வேகம் கூடிய பிறகு திறந்த யன்னல் காற்றைப் பிடித்து இழுக்கும், அப்போது ஏசி போடுவதில் பெரிய நட்டமில்லை.

எழுபதுக்கு மேல் போவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். சட்டப்படியும் அதுதான் எல்லை. முதல் ஒரு மணித்தியாலம் கஷ்டமாக இருந்தது. பின்னால் வந்த பஸ்கள் எல்லாம் கோன் அடித்து முந்திக்கொண்டு போயின. மகன் "அப்பா, சைக்கிளும் எங்களை முந்தப் போகுது" என்றான். அநுராதபுரத்தைத் தாண்டியதும் எல்லோருக்கும் அந்த வேகம் பழகிவிட்டது. வேகத்தடைக்கு முன்னால் வந்து பிரேக்கில் ஏறி நிற்காமல், தூரத்திலேயே பார்த்துக் காலை எடுத்துவிட்டால் வான் தானாகத் தணிந்து வரும். கியரில் இருக்கும்போது காலை எடுத்தால், இந்த எஞ்சின்களில் அந்த நேரம் பெற்றோல் பாய்வதே நின்றுவிடும். நியூற்றலில் உருட்டினால் எஞ்சினை அணையாமல் வைக்கவே பெற்றோல் தேவை. மிச்சம் என்று நினைத்து நியூற்றலில் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வவுனியாவில் பெற்றோல் அடித்தோம். "டக் எண்டதும் நிற்பாட்டுங்கோ தம்பி" என்று சொல்லியும், அந்தப் பொடியன் "சில்லறை இல்லை அண்ணை, ரவுண்டாக்கி விடுறன்" என்று இன்னும் இரண்டு தடவை அமத்திவிட்டான். நல்ல மனத்தோடுதான் செய்தான். பாதி வழிக் கணக்கு அதோடு பிழையாகிவிட்டது. மொத்தக் கணக்கு பிழையாகாது, அடித்த லீற்றர் முழுவதும் பற்றுச்சீட்டில் இருக்கிறது.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் வழக்கம் போலத் தேங்காய் உடைத்தோம். கச்சான் பை நூறு ரூபா. விற்ற அம்மா மகளின் கையில் ஒரு பிடி கச்சானைக் கூடுதலாக வைத்து, "பிள்ளை கோயிலுக்குப் போறியளோ, எனக்காகவும் ஒருக்காக் கும்பிடு" என்றார். மகள் வழி முழுக்க அதை ஞாபகப்படுத்திக்கொண்டே வந்தாள்.

ஆனையிறவில் வெயில் கண்ணைக் கூசியது. பின்னாலிருந்து காற்று தள்ளிக்கொண்டு வந்தது. வான் இவ்வளவு இலகுவாக ஓடியதை நான் கண்டதே இல்லை.

யாழ்ப்பாணத்தில் தாங்கியை நிரப்பிக் கணக்குப் பார்த்தேன். 402 கிலோமீற்றர், 38.3 லீற்றர். லீற்றருக்கு 10.5! ஏப்ரலை விட 11.3 லீற்றர் மிச்சம். காசாகப் பார்த்தால் 3,446 ரூபா. வேகத்தைக் குறைத்ததால் வீட்டை வந்து சேர ஒரு மணித்தியாலம்தான் கூடியது.

மாமா வாசலில் நின்றார். எங்களைக் கண்டதும் பிள்ளைகளைக் கொஞ்சினார். அடுத்ததாக வானைச் சுற்றி வந்து, குனிந்து ஒவ்வொரு சில்லாகப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"தம்பி, இஞ்ச வா. உந்த இடப்பக்க முன்சில்லைத் தொட்டுப் பார். கவனம், சுட்டுப்போடும்."

சூடு சாதாரணமாக இல்லை. வலப்பக்க முன்சில்லு இளஞ்சூடாகத்தான் இருந்தது.

"பிரேக் விடாமல் பிடிச்சுக்கொண்டே வந்திருக்கு. நீ பெற்றோலை ஊத்தி அதைத் தேய்ச்சுக்கொண்டு வந்திருக்கிறாய்."

எத்தனை மாதமாகப் பிடித்திருக்கிறதோ. எனக்குத் தொட்டுப் பார்க்கத் தோன்றவே இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு – திருநெல்வேலி, நல்லூர்

காலையில் இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு. கொடி ஏறிய பிறகு மாமி வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. பனம்பழக் காலம் என்பதால் பின்னேரம் பனங்காய்ப் பணியாரம் சுட்டுத் தருவதாகச் சொன்னார். நானும் மகனும் மாமாவோடு வானை ஜக்கில் தூக்கினோம். மற்றச் சில்லுகள் கையால் சுற்றிவிட்டால் சுற்றின. இடப்பக்க முன்சில்லு கால் சுற்றோடு முனகி நின்றது. கராஜ் நாளைக்குத்தான் திறப்பார்கள்.

மாமா எழுபத்தி நான்கு வயது. தொண்ணூறுகளில் ஒஸ்ரின் ஏ40 கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டியவர். போரும் வடக்குக்குப் பொருளாதாரத் தடையும் இருந்த காலம். பெற்றோல் கண்ணில் காட்டக் கிடைக்காது, மண்ணெண்ணெயே அரிதாகத்தான் வரும். எஞ்சினை மண்ணெண்ணெயில் நேரே ஸ்ரார்ட் செய்ய முடியாது, அது குளிரில் ஆவியாகாது. 'சூப்பி' என்று ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தல் இருக்கும். அதிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீய்ச்சி எஞ்சினைக் கிளப்புவார்கள். சூடேறிய பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். பழைய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு என்றபடியால் ஓடியது. இன்றைய எஞ்சினில் அப்படிச் செய்தால் எஞ்சின் போய்விடும்.

"ஒருக்கா நிற்பாட்டினால் திரும்பக் கிளப்ப அஞ்சாறு துளி பெற்றோல் வேணும். அதாலை சும்மா நிற்பாட்டவும் ஏலாது, சும்மா ஓடவிடவும் ஏலாது. எங்க நிற்பாட்டுறது எண்டதை வெளிக்கிட முதலே யோசிச்சுப்போட்டுத்தான் வெளிக்கிடுவன்."

வீட்டிலும் அதே கணக்குத்தான். ஜாம் போத்தலில் பஞ்சுத் திரி வைத்த விளக்கு, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய். அந்த வெளிச்சத்தில் மச்சாள் ஏஎல் (உயர்தரப் பரீட்சை) படித்தாள்.

மாமாவிடம் அந்தக் காலத்துக் கொப்பி ஒன்று இருக்கிறது. மட்டை இல்லை, ஓரங்களைக் கறையான் தின்றிருக்கிறது. திகதி, போன இடம், போத்தல் கணக்கு. "கோப்பாய், 1 போத்தல்." "பருத்தித்துறை, 4 போத்தல்." 1995 ஒக்ரோபர் 30 க்குப் பிறகு ஒன்றும் இல்லை. போர் நெருங்கி வர, அன்று இரவு யாழ்ப்பாண நகரைச் சுற்றிய வலிகாமமே எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்குப் போனது. மாமாவின் காரில் அவருடைய தாயும் அயலில் இரண்டு கிழவிகளும். கையில் மூன்று போத்தல் மண்ணெண்ணெய். நாவற்குழிப் பாலத்தடியில் சனத்துக்குள் கார் நகரவில்லை. எஞ்சினை நிற்பாட்டிவிட்டு விடியும் வரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். தள்ளியவர்களில் பாதிப்பேர் யார் என்றே அவருக்குத் தெரியாது. அந்த மூன்று போத்தலும் கொடிகாமத்தில் தாயை வைத்தியரிடம் கொண்டுபோக உதவியது என்றார்.

பின்னேரம் நல்லூருக்கு நடந்தே போனோம். கோயிலைச் சுற்றி வாகனம் விடுவதில்லை. சற்றுத் தள்ளி வீட்டு வளவுகளில் இருநூறு ரூபாவுக்கு நிறுத்தலாம். அங்கே ஏசியைப் போட்டபடி எஞ்சினை ஓடவிட்டு உள்ளே இருந்தவர்களைப் பார்த்தேன். ஒரு மணித்தியாலம் அப்படி நின்றால் குறைந்தது ஒரு லீற்றர் போகும். ஒருவரிடம் மெல்லச் சொன்னேன். குழந்தை நித்திரை என்றார். சரி, அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

மணலில் இருந்து ஐஸ்கிரீம் சாப்பிடும்போது மாமா சொன்னார்: "தேர் இழுத்திருக்கிறாய்தானே? முதல் அசைக்கத்தான் பலம் வேணும். உருளத் தொடங்கினால் வடம் தன்பாட்டிலை வரும். அரை அடிக்கு ஒருக்கா நிற்பாட்டி இழுத்தால் ஆருக்கு நோவு? நீ அதைத்தான் கொழும்பிலை ஒவ்வொரு நாளும் செய்யிறாய்."

ஆகஸ்ட் 11, திங்கள் – கோண்டாவில்

கராஜில் இரண்டு மணித்தியாலம். இடப்பக்கப் பிரேக் கலிப்பரில் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே துரு ஏறி, பிரேக்கை விட்ட பிறகும் கட்டை திரும்பி வராமல் நின்றிருக்கிறது. கழற்றித் துப்புரவாக்கி, புது ரப்பர் போட்டு, கிறீஸ் வைத்து, வலப்பக்கத்தையும் கேட்காமலே பார்த்துத் தந்தார்கள். 4,800 ரூபா. மேசையில்லை, பாஸ் ஒரு சின்ன வாங்கைத் துடைத்து எங்களை இருக்கச் சொன்னார், பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும் வந்தது. எயார் பில்ரரை மாற்றினால் பெற்றோல் மிச்சம் வருமா என்று கேட்டேன். "காபரேற்றர் காலத்திலை வந்தது. உங்கடை இஞ்செக்சன் வான், உள்ளை வாற காற்றைப் பார்த்துத்தான் பெற்றோலை விடும். பில்ரர் அடைச்சால் இழுவைதான் குறையும்" என்றார். விற்க வாய்ப்பிருந்தும் உண்மையைச் சொன்ன மனிதர். ஒக்ரேன் 95 பெற்றோல் அடிப்பதைப் பற்றியும் கேட்டேன். 92 க்குச் செய்த எஞ்சினுக்கு 95 ஊற்றுவதில் பலனில்லை என்றார்.

வரும்போது மாமா ஓட்டினார். கேற்றுக்கு இருபது யார் தூரம் முன்னாலேயே சாவியைத் திருப்பி எஞ்சினை நிற்பாட்டி, உருட்டி உள்ளே விட்டார். பழைய பழக்கம். எனக்கு நெஞ்சு திக்கென்றது. எஞ்சின் நின்றால் இந்த வானில் ஸ்ரியறிங் இறுகும், பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு கல்லாகும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப இது செய்யக்கூடாது. நல்ல வேளை சொன்னாய்" என்றார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய் – குறிகட்டுவான்

நயினாதீவுக்குப் போனோம். பண்ணைப் பாலத்தைத் தாண்டியதும் இரு பக்கமும் கடல், மறைப்பு ஒன்றுமில்லை. தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று முகத்தில் அறைந்தது. மணிக்கு ஐம்பதில் போகவே வழக்கத்தை விட ஆழமாக மிதிக்க வேண்டியிருந்தது. வேலணையைத் தாண்டிப் புங்குடுதீவுத் தாம்போதியில் வான் ஒரு பக்கம் சரிகிற மாதிரி ஆடியது. குறிகட்டுவானில் வானை விட்டு ஏறிய படகில் மனைவிக்குத் தலை சுற்றியது. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மா தேசிக்காய் ஒன்றைக் கிள்ளி மூக்கடியில் பிடித்து, இறங்கும் வரை கையை எடுக்கவில்லை. அம்மனைக் கும்பிட்டு, அன்னதானத்தில் சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் சாப்பிட்டோம். அந்தப் பூசணிக்காயின் இனிப்பு இன்னும் வாயில் நிற்கிறது.

திரும்பும்போது அதே தாம்போதியில் பெடலில் காலை வைத்தும் வைக்காமலும் ஓடியது. "இப்ப கடவுள் தள்ளுறார்" என்றார் மாமா. நான் பிரேக் திருத்தியதன் பலன் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன் – திரும்பும் வழி

மாமி சும்மா அனுப்பவில்லை. முருங்கைக்காய்க் கட்டு, ஒடியல், புழுக்கொடியல், பனங்கட்டிக் குட்டான், இருபது கிலோ மொட்டைக்கறுப்பன் அரிசி, கடைசிக் கறுத்தக் கொழும்பான் மாம்பழங்கள். எல்லாம் அறுபது கிலோ வரும். ஐம்பது கிலோவுக்குக் கிட்டத்தட்ட ஒரு வீதம்தான் கூடச் செலவாகும் என்று கணக்குப் போட்டு மனத்தை ஆற்றிக்கொண்டேன். மாம்பழத்தை விட்டுவிட்டு வர யாரால் முடியும்?

யாழ்ப்பாணத்துக்குள் ஓடியது 118 கிலோமீற்றர், 13.1 லீற்றர், லீற்றருக்கு 9. ஒழுங்கைக்கு ஒழுங்கை நிறுத்தி ஓடியதற்கு அது நல்ல கணக்கு. பிரேக்கும் விட்டுவிட்டது. கொழும்பு போய்ச் சேரும்போது பதினொன்றைத் தொடும் என்று நம்பினேன்.

எட்டு மணிக்கு வெளிக்கிட்டோம், வெயில் ஏறிவிட்டது, தொடக்கத்திலிருந்தே ஏசி. ஆனையிறவில் அதே எழுபதுதான். ஆனால் வான் ஏறவே மாட்டேன் என்றது. கியர் தானாக ஒன்று கீழே விழுந்து எஞ்சின் இரைந்தது. இறங்கி நான்கு சில்லையும் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒரே சூடு. உப்பளப் பக்கமிருந்து வந்த காற்றில் வான் கதவைத் திறக்கத் தோளால் தள்ள வேண்டியிருந்தது.

வவுனியாவில் அதே பொடியன். இந்தத் தடவை 'டக்' என்றதும் தானாகக் கையை எடுத்து, "அண்ணை, நீங்கள் கணக்குப் பார்க்கிற ஆள் எல்லோ" என்று சிரித்தான். 142 கிலோமீற்றருக்கு 16.9 லீற்றர். லீற்றருக்கு 8.4. மனம் விழுந்துவிட்டது.

அங்கிருந்து மரங்களுக்கு நடுவே ஓடும் வீதி கொஞ்சம் காப்பாற்றியது. சிலாபத்திலிருந்து வாகன நெரிசல். இரவு ஏழரைக்கு வெள்ளவத்தையில் அதே பம்பு, அதே பக்கம். மொத்தம் 402 கிலோமீற்றர், 43.7 லீற்றர். லீற்றருக்கு 9.2.

ஏப்ரலோடு பார்த்தால் ஆறு லீற்றர் மிச்சம்தான். ஆனாலும் வான் பழுதோடு போகும்போது 10.5, பழுதைத் திருத்தி வரும்போது 9.2. சாமான்களை இறக்கி முடிய மாமாவுக்குப் போன் எடுத்தேன். முதலில் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டார். அடுத்து, "எத்தினை?"

சொன்னேன்.

"சோளகம் அடிக்கேக்கை வடக்கை வந்தால் தள்ளும், தெற்கை போனால் மறிக்கும். நீ எழுபதிலை போகேக்கை எதிர்க்காத்து முப்பது எண்டால், வானுக்கு அது நூறு. குறிகட்டுவானிலை உனக்குக் கால் சொல்லேல்லையே?"

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். எழுபதுக்கும் நூறுக்கும் இடையில் அது இரண்டு மடங்கு. நேற்றுத் தாம்போதியில் என் காலே உணர்ந்த விஷயம். நான் அதைப் பிரேக்கின் கணக்கில் எழுதிவிட்டேன். விடியற்காலைக் குளிர், பகல் ஏசி, சிலாபத்து நெரிசல், அறுபது கிலோ சாமான் எல்லாம் சேர்ந்ததுதான் மிச்ச வித்தியாசம். போகும்போது கிடைத்த 10.5 இல் எவ்வளவு என்னுடைய பொறுமை, எவ்வளவு காற்று என்று இப்போது பிரிக்க முடியாது.

"அப்ப என்ன செய்யலாம் மாமா?"

"தைப்பொங்கலுக்கு வா. அப்ப வாடைக்காத்து. வரேக்கை மறிக்கும், போகேக்கை தள்ளும். ரெண்டையும் பக்கத்திலை பக்கத்திலை எழுதிப் பார்ப்பம். கொப்பி வாங்கினியே?"

நாளைக்கு வாங்க வேண்டும். நாற்பது பக்கக் கொப்பி போதும்.